எச்61 போர்டில் ஐ3-2100 போய் ஐ7-3770 வந்தது

2012-ல் வாங்கிய டெஸ்க்டாப்பில் ஐ3-2100 பிராசஸரைக் கழற்றிவிட்டு ஐ7-3770 போட்டாயிற்று. ஒருவழியாக இரண்டு ராமும் தெரிகிறது, எட்டு திரெட்டும் (பிராசஸர் ஒரே நேரத்தில் இழுக்கும் வேலை வரிசைகள்) முழு மூச்சில் ஓடும்போது சூடு 80 டிகிரிக்குக் கீழே நிற்கிறது. பிராசஸர் மாற்றுவது என்றால் லீவரைத் தூக்கி ஒன்றை எடுத்து இன்னொன்றை வைத்து மூடுவதுதானே என்று தோன்றும், அந்த வேலைக்கு உண்மையிலேயே ஐந்து நிமிடம்தான். மிச்ச நேரத்தை எல்லாம் பயாஸும் (மெஷினை எழுப்ப போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்), பிராசஸரின் சூட்டை இழுக்கும் கூலரும்தான் தின்றன, அதனால் இங்கேயும் அவை இரண்டைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

முதலில் மெஷின். இன்டெல் எச்61 சிப்செட் (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) போட்ட மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, பிராசஸர் உட்கார எல்ஜிஏ 1155 சாக்கெட், ராம் ஸ்லாட் இரண்டே இரண்டு, அதில் 2 ஜிபி ராம் இரண்டு. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸை விட்டு லினக்ஸ் மிண்டுக்கு வந்ததெல்லாம் முன்பே முடிந்த கதை. பிரவுசர், கணக்கு, கடிதம் என்று இருந்தவரை ஐ3 ஒன்றும் குறை வைக்கவில்லை. பழைய தமிழ்ப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள் வழியாக எழுத்தாக்கும் வேலையை எடுத்துக்கொண்ட பிறகுதான் தொல்லை. 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்த 300 பக்கத் தொகுப்பு ஒன்று ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும், அதுவரை அந்த மெஷினில் வேறு ஒரு டேப் திறந்தால்கூட திணறும். புதிதாக ஒரு சிஸ்டம் போட விலை கேட்டதில் முப்பதாயிரத்துக்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. சரி, இந்த சாக்கெட்டில் எதுவரை போகலாமோ அதுவரை போய்ப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

எல்ஜிஏ 1155-ல் இரண்டு தலைமுறை உண்டு. 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜ், 2012-ல் வந்த ஐவி பிரிட்ஜ். மாடல் எண் 2-ல் தொடங்கினால் முன்னது, 3-ல் தொடங்கினால் பின்னது (பென்டியத்திலும் செலிரானிலும் இந்தக் கணக்கு செல்லாது). என் கண்ணில் பட்டவை நாலு. ஐ5-3470: நாலு கோர், நாலு திரெட், 3.2 கிகாஹெர்ட்ஸ், இருப்பதிலேயே மலிவு. வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்றால் இதோடு நின்றுவிடலாம், யோசிக்கவே வேண்டாம். ஐ7-2600: நாலு கோர், எட்டு திரெட், பயாஸ் மாற்றாமலே வேலை செய்யும் என்பது பெரிய வசதி, ஆனால் 95 வாட். என் போர்டின் ஆதரவுப் பட்டியலில் அது இருக்கத்தான் செய்தது. பட்டியலில் இருந்து என்ன, பிராசஸருக்குக் கரண்ட் கொடுக்கும் மாஸ்ஃபெட்களின் மேல் ஒரு சின்ன அலுமினியத் தகடுகூட கிடையாது, அதில் மணிக்கணக்காக ஓசிஆர் ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. ஜியான் ஈ3-1230 வி2 விலை குறைவு, 69 வாட், வேலையிலும் ஐ7-க்கு இளைத்ததில்லை, ஆனால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனியாக ஒரு கார்டு வாங்கிப் போட்டால்தான் திரையில் படம் வரும், அதோடு என் போர்டின் பட்டியலில் ஜியான் ஒன்றுகூட இல்லை. மிச்சம் இருந்தது ஐ7-3770: நாலு கோர், எட்டு திரெட், 3.4 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் (வேலை கூடும்போது தானாக ஏறும் வேகம்) 3.9, கேஷ் 8 எம்பி, 77 வாட். பழைய ஐ3-2100 இரண்டு கோர், நாலு திரெட், 3.1 கிகாஹெர்ட்ஸ், டர்போ கிடையாது, 65 வாட். பெட்டிமேல் போட்ட கணக்குப்படி 12 வாட்தான் கூடுதல்.

3770-க்குப் பின்னால் ஒட்டிவரும் எழுத்துகளையும் கவனிக்க வேண்டும். 'கே' என்றால் ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டலாம், ஆனால் எச்61-ல் அதற்கான மல்டிப்ளையரை (வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்) ஏற்ற முடியாது, அதற்குக் கூடக் கொடுக்கும் காசு தண்டம். 'எஸ்' 65 வாட், அடிப்படை வேகம் 3.1. 'டி' 45 வாட், 2.5. இந்த இரண்டும் சின்ன பிராண்டட் பெட்டிகளிலிருந்து கழற்றி வருபவை. வாட் குறைவு என்பதால் கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெறும் 3770 விலையை இவற்றுக்குக் கொடுக்கக் கூடாது.

வாங்கியது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில். மெட்ரோவில் போகிறவர்கள் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். பழைய பாகங்கள் முகப்புக் கடைகளில் இருக்காது, உள்ளே சந்துக்குள் மாடிப்படி ஏறிப் போக வேண்டும். ஒரு கடையில் தெர்மோகோல் தட்டில் முட்டை அடுக்கியதுபோல பிராசஸர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். 3770 என்று கேட்டதற்குக் கடைப் பையன் 3770எஸ்-ஐ எடுத்து நீட்டினான். "எஸ் போட்டிருக்கேப்பா" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதாண்ணே, எஸ்ஸுன்னா ஸ்பீடு" என்றான், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். உள்ளே இருந்த பெரியவர் காதில் விழுந்து அவரே எழுந்து வந்து இன்னொரு தட்டைத் திறந்தார்.

பழைய பிராசஸர் வாங்கும்போது நான் பார்ப்பது இவ்வளவுதான். மேலே உள்ள உலோக மூடியில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் எஸ்-ஸ்பெக் என்ற ஐந்தெழுத்துக் குறி இருக்கும், ஐ7-3770-க்கு அது எஸ்ஆர்0பிகே. இன்டெல் கான்ஃபிடென்ஷியல் என்று பொறித்திருந்தால் அது சோதனைக்காக வெளிவிட்ட சரக்கு, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், பல போர்டுகளில் பயாஸ் அதை ஏற்காது. பிறகு திருப்பிப் பார்க்க வேண்டும். எல்ஜிஏ வகையில் கால்கள் போர்டில்தான் இருக்கின்றன, பிராசஸரின் அடியில் தங்கநிறப் புள்ளிகள் மட்டும். அவற்றில் கறுப்பாகத் தீய்ந்த புள்ளி இருக்கிறதா, நடுவில் உள்ள கடுகளவு கப்பாசிட்டர்களில் ஏதாவது பெயர்ந்து வெறும் ஈயத்தழும்பு மட்டும் நிற்கிறதா என்று செல்போன் கேமராவை ஜூம் செய்து பார்த்தேன். பச்சைப் பலகையின் ஓரங்கள் நொறுங்கியிருக்கக் கூடாது. விலை 3,800 சொன்னார், 3,400-க்கு முடிந்தது, ஒரு வாரம் டெஸ்டிங் வாரண்டி. பில்லில் எஸ்-ஸ்பெக்கையும் எழுதித் தரச் சொன்னேன், சிரித்துக்கொண்டே எழுதினார். அங்கேயே 4 ஜிபி டிடிஆர்3 1600 ராம் இரண்டு, 1,000 ரூபாய்.

இனி பயாஸ். இதில் ஒரே ஒரு விதிதான் முக்கியம்: பழைய பிராசஸர் சாக்கெட்டில் இருக்கும்போதே பயாஸை மேம்படுத்திவிட வேண்டும். ஐவி பிரிட்ஜ் வெளிவருவதற்கு முன்பு தயாரான போர்டுக்கு அப்படி ஒரு பிராசஸர் உலகத்தில் இருப்பதே தெரியாது. புதியதைப் போட்டுவிட்டு ஸ்விட்சைத் தட்டினால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், மீண்டும் பழையதை மாட்டித்தான் ஆக வேண்டும். இப்போது எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்க்கக் கேபினட்டைத் திறக்கக்கூட வேண்டாம். லினக்ஸில் டிஎம்ஐடீகோட் கட்டளை சொல்லிவிடும், விண்டோஸில் சிபியு-இசட் காட்டும். ஆனால் போர்டின் ரிவிஷன் எண்ணை நேரில் பார்ப்பதுதான் உத்தமம், ராம் ஸ்லாட்டுக்கு அருகிலோ ஏதாவது ஒரு மூலையிலோ வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஒரே பெயர், இரண்டு ரிவிஷன், இரண்டுக்கும் தனித்தனி பயாஸ் கோப்பு என்பதெல்லாம் சர்வசாதாரணம்.

என் போர்டில் இருந்தது 2011-ல் வந்த பதிப்பு. தயாரித்த கம்பெனியின் தளத்தில் கோப்புகள் இன்னும் இருந்தன, நல்ல காலம். கடைசிப் பதிப்பை இறக்கி, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த 4 ஜிபி பென் டிரைவில் போட்டு, பயாஸுக்குள்ளேயே இருக்கும் மேம்படுத்தும் கருவியில் தேர்ந்தெடுத்தால், இது செல்லாத கோப்பு என்று திருப்பி அனுப்பிவிட்டது. பென் டிரைவை மாற்றிப் பார்த்தேன், மீண்டும் இறக்கிப் பார்த்தேன், அதே பதில். பிறகுதான் ஒவ்வொரு பதிப்பின் குறிப்பையும் கீழிருந்து மேலாக வாசித்தேன், நடுவில் ஒரு பதிப்பின் குறிப்பில் விஷயம் இருந்தது. சிப்செட்டுக்குள் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்று தனியாக ஒரு ஃபர்ம்வேர் (சிப்போடு பதிந்து வரும் மென்பொருள்) ஓடுகிறது. 6 வரிசை சிப்செட் போர்டுகள் அதன் 7-ஆம் பதிப்போடு வந்தவை, ஐவி பிரிட்ஜுக்கு 8-ஆம் பதிப்பு வேண்டும். அந்த நடுப்பதிப்புதான் இதைக் கொண்டுவருகிறது. அதை ஏற்றிய பிறகுதான் அதற்கு மேலே உள்ளவை ஏறும். எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி செய்யவில்லை, சிலர் டாஸில் இயக்கும் தனிக் கருவி கொடுத்தார்கள், சிலர் விண்டோஸில் ஓடும் கருவி கொடுத்தார்கள். அதனால் உங்கள் போர்டின் குறிப்புகளைக் கடைசி வரிவரை வாசிப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

பயாஸ் எழுதும்போது கரண்ட் போனால் போர்டு போச்சு. என்னிடம் இருந்த யுபிஎஸ்ஸை முதலில் சோதித்தேன்: மானிட்டரை மட்டும் அதில் மாட்டி சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கியதும் ஒரு பீப், அவ்வளவுதான், அணைந்தது. உள்ளே பேட்டரி வறண்டு போயிருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு, யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று. அதை யுபிஎஸ் மோடுக்குத் தள்ளி, ஹாலில் இன்வெர்ட்டர் லைன் வரும் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து மெஷினுக்குக் கொடுத்தேன். நார்மல் மோடில் கரண்ட் மாறும் நேரம் கொஞ்சம் அதிகம், ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது, கம்ப்யூட்டர் ரீசெட் ஆகிவிடும். எழுதத் தொடங்குமுன் மெயினை ஒருமுறை அணைத்துப் பார்த்து, மெஷின் அசையாமல் ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்டேன்.

நடுப்பதிப்பு ஏறியதும் மெஷின் தானாக அணைந்து, தானாக எழுந்து, மறுபடி அணைந்தது, திரையில் ஒன்றும் இல்லை. இது பயமுறுத்தும் ஆனால் வழக்கமானதுதான், மேனேஜ்மென்ட் எஞ்சின் புதிதாக எழும்போது இப்படி நடக்கும், கை வைக்காமல் விட்டுவிட வேண்டும். பிறகு பவர் கார்டைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து மீண்டும் போட்டு, கடைசிப் பதிப்பை ஏற்றினேன், இந்த முறை மறுப்பு சொல்லவில்லை. பயாஸ் மாறியதும் எல்லா அமைப்பும் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். என் போர்டில் சாட்டா முறை (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்குத் திரும்பியிருந்தது. லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளாமல் எழுந்துவிட்டது, விண்டோஸாக இருந்திருந்தால் நீலத்திரை காட்டியிருக்கும். கையோடு போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரியையும் மாற்றிவிட்டேன், 40 ரூபாய். பழைய ஐ3-யோடு ஒரு முழுத் தொகுப்பை ஓசிஆர் ஓட்டிப் பார்த்து, புதுப் பயாஸில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். இப்படிப் பிரித்துச் செய்தால், பின்னால் ஏதாவது கோளாறு வரும்போது பயாஸ் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை.

கூலரைக் கழற்றுமுன் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிக்கொள்வது நல்லது, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூடு கடத்தத் தடவிய பத்து வருஷத்துப் பேஸ்ட் சிமெண்டாக இறுகியிருக்கும். நாலு மூலையிலும் உள்ள கறுப்புத் தலைகளை அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி மேலே இழுக்க வேண்டும், பிறகு கூலரை நேராகத் தூக்காமல் இடமும் வலமும் லேசாகத் திருகினால் விடுபடும். பேஸ்ட் துடைக்க ஐசோப்ரோபைல் ஆல்கஹால், எங்கள் தெரு முனையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடம் 120 ரூபாய்க்கு ஒரு பாட்டில் வாங்கினேன். துடைத்தது பழைய காட்டன் பனியன் துணியில், அது பின்னால் என்ன செய்தது என்று வருகிறேன்.

சாக்கெட் லீவரை அழுத்தி வெளிப்பக்கம் தள்ளித் தூக்கினால் உலோகச் சட்டம் திறக்கும். உள்ளே 1,155 கால்கள், தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், எல்லாம் ஒரே சாய்வில். அங்கே விரல் படக் கூடாது, துணி படக் கூடாது, ஊதக்கூட கூடாது, எச்சில் தெறிக்கும். பிராசஸரின் இரண்டு ஓரத்திலும் உள்ள வெட்டுகள் சாக்கெட்டின் இரண்டு மேடுகளோடு பொருந்த வேண்டும், செங்குத்தாக இறக்கிவைத்தால் தானாக உட்காரும், அழுத்தத் தேவையில்லை. லீவரை மூடும்போது மட்டும் நறநறவென்று ஒரு சத்தம் வரும், முதல் முறை செய்பவர்களுக்கு அடிவயிறு கலங்கும், அது சரியான சத்தம்தான். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, அதற்கு மேல் வேண்டாம். கூலர் பழையதே, 1155-க்கு வந்தது, இதுவும் 1155-தானே.

ஸ்விட்சைப் போட்டதும் படம் வந்தது. பயாஸில் ஐ7-3770 என்ற பெயரும் வந்தது. ஆனால் மெமரி 4096 எம்பி என்றது, போட்டிருப்பது 8192. சூடு சும்மா பயாஸ் திரையில் நிற்கும்போதே 68, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. அணைத்துவிட்டேன்.

மெமரி விஷயத்தில் முதலில் ராமைத்தான் சந்தேகப்பட்டேன், கடையில் வாங்கிய பழைய சரக்கு ஆயிற்றே. முதல் ஸ்லாட்டில் ஒவ்வொன்றாகப் போட்டால் இரண்டு ராமும் வேலை செய்தன. இரண்டாவது ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் தெரியவில்லை, ஐ3-யோடு இருந்த 2 ஜிபி ராமைப் போட்டும் தெரியவில்லை. ஐ3 இருந்தபோது அதே ஸ்லாட் வேலை செய்தது. இந்தத் தலைமுறையில் மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது, ஒவ்வொரு ஸ்லாட்டின் கம்பிகளும் நேராக சாக்கெட் கால்களுக்கு வருகின்றன. ஆக ஒரு ஸ்லாட் முழுக்கக் காணாமல் போனால் ராமைவிட சாக்கெட்டைத்தான் பார்க்க வேண்டும்: வளைந்த கால், அழுக்கு, அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்தும் கூலர். அல்லது வாங்கிவந்த பிராசஸரிலேயே ஒரு மெமரி சேனல் செத்திருக்க வேண்டும், டெஸ்டிங் வாரண்டி ஒரு வாரம்தான் என்பது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

என் கேபினட்டில் போர்டின் பின்பக்கத்தைப் பார்க்கத் திறப்பு கிடையாது, போர்டை முழுதாக வெளியே எடுத்துத் திருப்பினேன். கூலரின் நாலு பின்களில் மூன்றில், வெள்ளைப் பிளாஸ்டிக் நகங்களுக்கு நடுவே கறுப்பு முனை வெளியே வந்து நகங்களை விரித்துப் பிடித்திருந்தது. நாலாவதில் நகங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி பாதி துளைக்குள்ளேயே நின்றன, ஒரு நகத்தில் விரிசல். மேலிருந்து பார்த்தால் நாலும் ஒரே மட்டத்தில்தான் இருந்தன. க்ளிக் சத்தத்தை நம்பவே கூடாது, பின்னாலிருந்து கறுப்பு முனையைப் பார்ப்பது ஒன்றுதான் சாட்சி.

சாக்கெட்டைப் பார்க்க என் கண்ணும் செல்போன் கேமராவும் போதவில்லை. போர்டைத் துணி சுற்றாமல் அதன் பழைய ஆன்டிஸ்டேடிக் பையில் போட்டு மொபைல் சர்வீஸ் தம்பியிடம் கொண்டுபோனேன், அவரிடம் மைக்ரோஸ்கோப் இருக்கிறது. திரையில் கால்கள் வயலில் நட்ட நாற்று வரிசை மாதிரி தெரிந்தன. அவர் மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்து ஓர் ஓரத்தில் நிறுத்தி, "அண்ணா, பின்னு எதுவும் வளையல. இதப் பாருங்க, நூலு" என்றார். வெள்ளையாக ஒரு பஞ்சிழை, நாலைந்து கால்களுக்குக் குறுக்கே படுத்திருந்தது. அது பனியன் துணியிலிருந்து வந்ததுதான், வேறு எங்கிருந்து வரப்போகிறது. பிராசஸரின் அடிப்பக்கத்தையும் அதே துணியால்தான் துடைத்திருந்தேன். மிக நுனியான ட்வீசரால் காலைத் தொடாமல் இழையின் தொங்கும் முனையை மட்டும் பிடித்து இழுத்து எடுத்தார். நான் மூச்சை விட்டது அவருக்கே கேட்டிருக்கும். பிராசஸரின் புள்ளிகளை அவருடைய பஞ்சில்லாத துடைப்புத் தாளால் துடைத்துக்கொடுத்தார். 50 ரூபாய்தான் வாங்கினார்.

நூலால் ஸ்லாட் போனதா, சாய்ந்த கூலரால் போனதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்துவிட்டேன். விரிசல் விட்ட பின்னுக்குப் பதிலாக வேறொரு பழைய கூலரிலிருந்து பின் எடுத்து மாட்டி, குறுக்கு மூலைகளாக அழுத்தி, பின்னாலிருந்து பார்த்து உறுதி செய்து, கேபினட்டுக்குள் வைக்காமல் மேஜைமேல் அட்டை விரித்தே ஓட்டினேன். 8192 எம்பி, இரண்டு ஸ்லாட்டும். மெமரி வேகமும் 1600 என்று காட்டியது. ஐ3-2100-ன் கன்ட்ரோலர் 1333-க்கு மேல் போகாது, ஐவி பிரிட்ஜ் 1600 வரை எடுத்துக்கொள்ளும்.

சூடு இன்னும் முடியவில்லை. சும்மா இருக்கும்போது 41-க்கு வந்துவிட்டது. எட்டு ஓசிஆர் வேலையைச் சேர்த்து ஓட்டினால் இரண்டு நிமிடத்துக்குள் 96, ஃபேன் விமானம் கிளம்பும் சத்தத்தில். அப்போதுதான் கூலரை அளந்து பார்க்கத் தோன்றியது. இன்டெல் பெட்டியோடு வரும் கூலர்கள் மேலிருந்து பார்க்க ஒரே வட்டம், ஒரே நாலு பின், ஒரே 75 மில்லிமீட்டர் துளை இடைவெளி, ஆனால் உள்ளே இரண்டு வகை. ஐ3-யோடு வந்தது முழுக்க அலுமினியம், உயரம் குறைவு. 95 வாட் ஐ7-களோடு வந்தது உயரமானது, அடியில் நடுவே வட்டமாகச் செம்பு தெரியும். ஐவி பிரிட்ஜில் இன்னொரு சங்கதியும் உண்டு, சிலிக்கானுக்கும் உலோக மூடிக்கும் நடுவில் சாண்டி பிரிட்ஜில் ஈயப்பற்று இருந்தது, இதில் வெறும் பேஸ்ட்தான். சூடு வெளியே வருவதே தாமதம், அதன்மேல் மெலிந்த கூலர் என்றால் 96 வராமல் என்ன செய்யும். செம்பு நடுவுள்ள பழைய ஒரிஜினல் கூலர் 350 ரூபாய்க்குக் கிடைத்தது, வாங்கும்போது நாலு பின்னையும் வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பார்த்து வாங்கினேன். புதுப் பேஸ்ட் ஒரு ட்யூப் 180. இப்போது அதே எட்டு வேலை, அறையில் 33 டிகிரி, அரைமணி நேரம் ஓடியும் 79-ஐத் தாண்டவில்லை, நாலு கோரும் 3.7-ல் நிற்கின்றன.

மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவில்லை. மூடியின் ஓட்டை வழியாக டார்ச் அடித்து உப்பிய கப்பாசிட்டர் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பயாஸில் 12 வோல்ட் இடத்தில் 11.9 காட்டியது, பரவாயில்லை. பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரில் அளந்தால் சும்மா இருக்கும்போது 38 வாட், முழு வேலையில் 104, ஐ3 இருந்தபோது முழு வேலையில் 70 இருந்தது. பெட்டிமேல் 12 வாட் வித்தியாசம் என்று போட்டிருக்க மீட்டரில் 34 கூடியதில் ஆச்சரியமில்லை, பெட்டிமேல் போடும் அந்த வாட் எண், அதாவது டிடிபி, கூலருக்காகச் சொல்வது, அதுவும் ஒரு வகுப்புக்குச் சேர்த்துச் சொல்வது. 65 வாட் என்ற ஐ3 எந்நாளும் அந்த 65-ஐ எட்டிப் பிடித்ததில்லை.

பலன் என்னவென்றால், ஒன்றேகால் மணி நேரம் ஓடிய அந்த 300 பக்கத் தொகுப்பு இப்போது அரைமணிக்குள் முடிகிறது. இதில் பிராசஸரைத் தாண்டி ஒரு நுணுக்கம் உண்டு. டெசராக்ட் ஒரு பக்கத்தையே நாலு திரெட்டாகப் பிரித்து ஓடப் பார்க்கும், அதைப் பல பக்கங்களுக்குச் சேர்ந்தாற்போல ஓடவிட்டால் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நேரம்தான் வீணாகும். ஓஎம்பி திரெட் லிமிட் என்ற மாறியை 1 என்று வைத்து, ஒரு திரெட்டுக்கு ஒரு பக்கம் என்று எட்டுப் பக்கங்களை ஒன்றாக விட வேண்டும். ஐ3-யிலும் இப்படித்தான் நாலாக ஓட்டினேன், அதனால் மேலே சொன்ன இரண்டு நேரமும் ஒப்பிடத் தக்கவைதான்.

மாறாதவையும் நிறைய. எச்61-ல் சாட்டா வேகம் 3 கிகாபிட்தான், எஸ்எஸ்டி முன்பு நொடிக்கு 270 எம்பி வாசித்தது, இப்போதும் அதேதான். யுஎஸ்பி 3 சிப்செட்டில் கிடையாது. பிரவுசர் கொஞ்சம் சுறுசுறுப்பு, அவ்வளவுதான், அதற்காக யாரும் இந்தச் செலவு செய்ய வேண்டாம், 4 ஜிபி 8 ஜிபி ஆனதுதான் அங்கே கை கொடுத்தது. விண்டோஸ் 11-ன் அதிகாரபூர்வப் பட்டியலில் இந்தப் பிராசஸர் வராது, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, விண்டோஸ்தான் வேண்டும் என்பவர்கள் இதில் காசு போடுமுன் யோசிக்கட்டும்.

மொத்தச் செலவு: பிராசஸர் 3,400, ராம் 1,000, கூலர் 350, பேஸ்ட் 180, ஆல்கஹால் 120, மைக்ரோஸ்கோப் 50, பேட்டரி 40. ஆக 5,140 ரூபாய், ரயில் செலவு சேர்க்காமல்.

அடுத்த தடவை என்றால் கூலரைப் பிராசஸரோடு சேர்த்தே வாங்கிவிடுவேன். ராமும் 4 ஜிபி இரண்டுக்குப் பதில் 8 ஜிபி இரண்டு, ஸ்லாட்டே இரண்டு, போர்டின் உச்சமும் 16 ஜிபி, நடுவில் நின்றால் பிறகு இரண்டையும் தூக்கித்தான் மாற்ற வேண்டும். பருத்தித் துணி சாக்கெட் இருக்கும் மேஜைக்கே வராது. இன்னொன்று, கையில் போர்டே இல்லாமல் ஓசிஆருக்காகப் புதிதாக ஒரு பழைய சிஸ்டம் தேடுபவர்கள் 1155 பக்கம் வர வேண்டாம், ஒரு தலைமுறை தள்ளி 1150 சாக்கெட்டில் ஹாஸ்வெல் ஐ5 அல்லது ஐ7 பாருங்கள். அதில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் (பல எண்களை ஒரே அடியில் கணக்கிடுபவை) உண்டு, டெசராக்ட் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும், ஐவி பிரிட்ஜ் ஏவிஎக்ஸோடு நின்றுவிட்டது. எனக்குப் போர்டு கையில் இருந்தது, அதனால்தான் இந்தக் கணக்கு.

கேபினட்டின் பின்பக்கம் 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று போட வேண்டியது பாக்கி. ஐ3-2100-ஐ விற்கவில்லை, விற்றால் 200 ரூபாய்கூடத் தேறாது. பழைய பயாஸோடு யாராவது எச்61 போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் அதை மாட்டித்தான் எழுத வேண்டியிருக்கும், அதனால் ஆன்டிஸ்டேடிக் பையில் போட்டு, மேலே பெயர் எழுதி, அலமாரியில் வைத்திருக்கிறேன்.